அப்டேட் வராத போன்: காத்திருப்பதா, மாற்றுவதா?

"ஆண்ட்ராய்டு 16 வந்து எவ்வளவு நாளாச்சு, என் போனுக்கு இன்னும் வரவில்லை. இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாமா?" வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேரின் போன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பர் கையில் புதிய பதிப்பைப் பார்த்ததும் தன் போன் பழசாகிவிட்டது என்று தோன்றிவிடுகிறது. மீதிப் பேரின் போனுக்கு அப்டேட் நின்று இரண்டு வருடம் ஆகியிருக்கும். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது, அதிலேயே சம்பளக் கணக்கும் வைத்திருப்பார்கள். முதல் வகையினர் அவசரப்படுகிறார்கள், இரண்டாம் வகையினர் தாமதிக்கிறார்கள். நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்.

## எண்ணை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து பெரும்பாலும் கடைசியில் இருக்கும் 'போனைப் பற்றி' பகுதிக்குப் போங்கள். அங்கே ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் (சாம்சங்கில் 'மென்பொருள் தகவல்') மூன்று விவரங்கள் தெரியும்: பதிப்பு எண், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி, கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்டின் தேதி. எல்லோரும் முதலாவதைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

பதிப்பு எண் கூடினால் நோட்டிபிகேஷன் அழகாகும், செட்டிங்ஸ் இடம் மாறும், சில புதிய வசதிகள் வரும். பாதுகாப்புத் திருத்தம் என்பது கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலை. 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போதும், பயனர் எதையும் தொடாமலேயே போனுக்குள் நுழைந்துவிடலாம் என்ற நிலை. அந்த ஆகஸ்டில் இருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் போனில் தெரியும் தேதி, எந்த மாதத்து அறிக்கை வரைக்கும் ஓட்டைகள் அடைக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்கிறது.

அதற்காக ஒரு மாதம் தவறினாலே பதறவும் வேண்டாம். 2025 ஜூலை அறிக்கையில் ஒரு திருத்தம்கூட இல்லை. அவசரமான ஓட்டைகளுக்கு மட்டும் மாதாமாதம் திருத்தம், மற்றதெல்லாம் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்து என்று கூகுளே முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: மூன்று நான்கு மாதம் பழைய தேதி என்றால் கவலையில்லை. ஆறு மாதம் தாண்டினால் உங்கள் மாடலுக்கு ஆதரவு இன்னும் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஒரு வருடம் தாண்டினால் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## தாமதம் எங்கே ஆகிறது

இது தெரிந்தால், காத்திருப்பதில் பலன் இருக்கிறதா இல்லையா என்பது புரிந்துவிடும். கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிடுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அது தங்கள் சிப்பில் ஓடத் தேவையான டிரைவர்களை (சிப்பை இயக்கும் மென்பொருள்) தயார் செய்கின்றன. போன் நிறுவனம் அதன் மேல் தன் தோற்றத்தையும் ஆப்களையும் ஏற்றுகிறது. ஒவ்வொரு மாடலிலும், ஒவ்வொரு நாட்டிலும் சோதனை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பயனர்களுக்கு விடுகிறார்கள்.

2024 அக்டோபர் 15 அன்று ஆண்ட்ராய்டு 15 கூகுளின் சொந்த போனான பிக்சலுக்கு வந்தது. அதே பதிப்பு ஒன் யுஐ 7 என்ற பெயரில் கேலக்ஸி எஸ்24-க்கு வரத் தொடங்கியது 2025 ஏப்ரலில்தான். சாம்சங்கின் முதல் வரிசை போனுக்கே ஆறு மாதம். அதற்கடுத்த ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூன் 10-ல் வெளியாகி, செப்டம்பர் மத்தியில் எஸ்25-க்கு வந்துவிட்டது. ஆக, ஒரே நிறுவனத்திலேயே வருடத்துக்கு வருடம் வேகம் மாறுகிறது. தாமதம் ஆகிறது என்பதாலேயே கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் சிப் நிறுவனமே தன் பழைய சிப்புக்கு டிரைவர் தருவதை நிறுத்திவிட்டால், போன் நிறுவனம் நினைத்தாலும் அடுத்த பதிப்பைக் கொண்டுவருவது கஷ்டம். முடியவே முடியாது என்றும் இல்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் என்ற சிறிய நிறுவனம் 2015-ல் விற்ற தன் இரண்டாவது மாடலை 2023 மார்ச் வரை அப்டேட் கொடுத்துக் காப்பாற்றியது. பெரிய நிறுவனங்கள் இரண்டே வருடத்தில் கைகழுவுவதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

## எதை வைத்து எடைபோடுவது

தேதியைத் தவிர இன்னும் மூன்று விஷயங்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன.

போனில் என்ன செய்கிறீர்கள்? யுபிஐ, நெட் பேங்கிங், டிமேட் கணக்கு, அலுவலக மின்னஞ்சல் எல்லாம் அதில் இருந்தால் திருத்தம் நின்ற போன் ஆபத்து. யூடியூப் பார்க்கவும் பேசவும் மட்டும் என்றால் கணக்கே வேறு.

உடம்பு எப்படி இருக்கிறது? பேட்டரி, ஸ்டோரேஜ், ராம். 4 ஜிபி ராமும் 64 ஜிபி ஸ்டோரேஜும் உள்ள போனுக்குப் புதிய பதிப்பு வராமல் போனால் பெரிய இழப்பில்லை. வந்தால்தான் திணறும்.

வருடத்துக்கு எவ்வளவு செலவு? போன் விலையை அதற்கு மிச்சமிருக்கும் ஆதரவு வருடங்களால் வகுங்கள். இரண்டு வருட ஆதரவு மிச்சமுள்ள 15,000 ரூபாய் போன் வருடத்துக்கு 7,500 ரூபாய் தின்கிறது. ஆறு வருடம் மிச்சமுள்ள 24,000 ரூபாய் போனுக்கு 4,000 தான். மலிவு என்று வாங்குவது மலிவில்லை என்பது இந்த வகுத்தலில் தெரிந்துவிடும்.

## வழி 1: இருக்கும் போனிலேயே ஓட்டுவது

தேதி அளவுகோலுக்குள் இருந்தால் இதுதான் சரி. தாராளமாகக் காத்திருங்கள். பதிப்பு வராவிட்டாலும் உங்கள் போன் உறைந்துபோய் நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து சிஸ்டத்தின் சில முக்கியப் பகுதிகளைக் கூகுள் ப்ளே வழியாக நேரடியாகவே கூகுள் புதுப்பிக்கிறது. குரோமும், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவும் ப்ளே ஸ்டோரில் இருந்தே வருகின்றன. செட்டிங்ஸில் பார்த்த மூன்றாவது விவரமான கூகுள் ப்ளே சிஸ்டம் தேதி, அந்தச் சிஸ்டம் பகுதிகள் எப்போது வரை புதுப்பிக்கப்பட்டன என்பதைக் காட்டத்தான் இருக்கிறது. பழையதாக இருந்தால் அதையே தொடுங்கள், பல சமயம் ஒரு அப்டேட் காத்துக்கொண்டிருக்கும்.

போன் மந்தமாக இருக்கிறது என்பதுதான் குறை என்றால், முதல் சந்தேகம் பேட்டரி மேல் போகட்டும். 2017 இறுதியில் ஆப்பிளே ஒப்புக்கொண்ட விஷயம் இது: தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்க, மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்திருந்தார்கள். பேட்டரியை மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பியது. சர்வீஸ் சென்டரில் புதிய பேட்டரி போட ஆகும் செலவு, புதிய போன் விலையில் சிறு பங்குதான். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இன்னும் குறைவாக முடித்துத் தருவார்கள். ஆனால் அங்கே மாற்றினால் தண்ணீர், தூசி தடுப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் பின்மூடி எல்லாப் பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சில வாரம் கழித்து ஏதாவது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அந்த போனை சார்ஜில் போடாமல் உடனே கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, தேதி ஒரு வருடம் தாண்டிய பிறகுதான் தெரியும். கூகுள் 2025 மார்ச்சோடு ஆண்ட்ராய்டு 12-க்கான திருத்தங்களை நிறுத்திவிட்டது. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புத் திருத்தம் பெறாதவற்றுக்குத் தன் உச்ச நம்பகச் சான்றை (இந்த போனை நம்பலாம் என்று ஆப்களுக்குச் சொல்லும் உறுதி) தருவதில்லை. வங்கி ஆப்கள் அந்தச் சான்றைக் கேட்கலாம். எல்லா வங்கியும் கேட்பதில்லை, ஆனால் கேட்கத் தொடங்கும் நாளில் முன்னறிவிப்பு வரும் என்று நம்பியிருக்க முடியாது. மருத்துவமனை பில் கவுன்டரில் நிற்கும்போது ஆப் திறக்காமல் போவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். குரோமும் அப்படித்தான்: 2025 ஆகஸ்டில் இருந்து ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்குப் புதிய பதிப்பு கிடையாது. வாட்ஸ்அப் ஓடுகிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். அது மிகப் பழைய பதிப்புகளிலும் ஓடும், அதை வைத்துப் போனின் ஆரோக்கியத்தை அளக்க முடியாது.

## வழி 2: கஸ்டம் ரோம் (ROM) போடுவது

போன் நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துவிட்டு வேறொருவர் தயாரித்த ஆண்ட்ராய்டைப் போடுவதுதான் கஸ்டம் ரோம். லினேஜ் ஓஎஸ் போன்றவை நிறுவனம் கைவிட்ட போனுக்கும் புதிய ஆண்ட்ராய்டைத் தருகின்றன. தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்யும் அரிய வேலை, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒரே போனை வைத்துக்கொண்டு அதில் பணம் புழங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைப் போட, போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று முடிவு செய்யும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்ததும் போனில் உள்ள அத்தனையும் அழியும். திறந்த போனை நிறைய வங்கி ஆப்கள் ஏற்பதில்லை. சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்புக் குறியீடு நிரந்தரமாக மாறிவிடும், பிறகு பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் சில வசதிகள் திரும்பாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஆண்ட்ராய்டு பகுதி புதிதானாலும் சிப்புக்குள் ஓடும் மென்பொருள் பழையதாகவே இருக்கும். அங்கே உள்ள ஓட்டைகளை அதை எழுதிய நிறுவனம் மட்டுமே அடைக்க முடியும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை, பாட்டு கேட்கவோ படிக்கவோ கற்றுக்கொள்ளவோ பயன்படுத்த நினைத்தால் இதைவிட நல்ல வழியில்லை.

## வழி 3: நீண்ட ஆதரவு உள்ள புதிய போன்

திருத்தம் நின்றுவிட்டது, போனில் பணம் இருக்கிறது என்றால் முடிவு இதுதான். நல்ல வேளையாக, சில வருடங்களில் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு வருடம் என்று கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்றது. முக்கியமான மாற்றம் அதற்குப் பிறகு வந்தது: 2024 இறுதியில் கேலக்ஸி ஏ16 5ஜி என்ற சாதாரண விலை போனுக்கே ஆறு வருடம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும் என்று சட்டமாகவே ஆக்கிவிட்டது. நமக்கு அப்படியொரு சட்டம் இருந்தால் எவ்வளவு குப்பை மிச்சமாகும்!

வாங்கும்போது மூன்று இடத்தில் ஏமாறலாம்.

ஆதரவுக் காலம் நீங்கள் பில் போட்ட நாளில் இருந்து ஓடுவதில்லை. மாடல் வெளியான நாளில் இருந்து ஓடுகிறது. 2023 மே மாதம் வந்த பிக்சல் 7ஏ-வுக்கு 2028 மே வரை. அதை 2026 மத்தியில் பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிச்சம் இரண்டே வருடம். தள்ளுபடியைப் பார்த்ததும் வெளியான மாதத்தைக் கேளுங்கள்.

"நான்கு அப்டேட்" என்று விளம்பரத்தில் இருந்தால் அது பதிப்பா, பாதுகாப்புத் திருத்தமா என்று பாருங்கள். ஒன்பிளஸ் 13-க்கு நான்கு பதிப்பு, ஆறு வருடம் பாதுகாப்புத் திருத்தம். இப்படி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் நம்பலாம். எதுவும் சொல்லாத போன் என்றால், குறைந்த ஆதரவுதான் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

திருத்தம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது மூன்றாவது. ஆறு வருடம் என்று சொன்னாலும் மலிவு மாடல்களுக்கு மாதாமாதம் வருவதில்லை, காலாண்டுக்கு ஒன்றோ அதைவிடக் குறைவாகவோ வரும். சாம்சங் தன் பாதுகாப்புத் தளத்தில் எந்த மாடல் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று வெளியிடுகிறது.

போன் விலையோடு முடிவதில்லை செலவு. பல மாடல்களின் பெட்டியில் சார்ஜர் இருக்காது, கவரும் டெம்பர்ட் கிளாஸும் வேண்டும். வங்கி ஆப் ஒவ்வொன்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். யுபிஐ-க்கு, வங்கியில் பதிந்த அதே சிம்மில் இருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். புதிய போனில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பணம் அனுப்பும் வரம்பையும் குறைத்து வைப்பார்கள். வாடகையோ கல்லூரிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் போனை மாற்றாதீர்கள்.

## வழி 4: பழைய உயர்ரகப் போன், அல்லது ஐபோன்

புதிய நடுத்தரப் போனின் விலைக்கு இரண்டு வருடம் பழைய உயர்ரகப் போன் கிடைக்கிறது. நல்ல கேமரா, வேகமான ஸ்டோரேஜ், நீண்ட ஆதரவில் மிச்சப் பகுதி. எஸ்24 வரிசைக்கோ பிக்சல் 8-க்கோ இது நல்ல பேரம். அதற்கு முந்தைய வரிசைகளில் மிச்சமிருக்கும் காலம் சட்டென்று குறைந்துவிடும். எஸ்21, எஸ்21 பிளஸ், எஸ்21 அல்ட்ரா மூன்றும் ஆண்ட்ராய்டு 15-ஓடு நின்றுவிட்டன.

ஐபோன் பக்கம் தாமதம் என்ற பிரச்சினையே இல்லை. சிப், போன், மென்பொருள் மூன்றையும் வடிவமைப்பது ஒரே நிறுவனம், அப்டேட் ஒரே நாளில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. 2018-ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல்தான் இடம் இல்லாமல் போனது. பாதுகாப்புத் திருத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வருவது வழக்கம்: 2013-ன் ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டில் இருந்து மாறுபவர், வாட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். அமைத்து முடித்த பிறகு என்றால் ஐபோனை அழித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். திரை உடைந்தால் பில் கனமாக இருக்கும், அதையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கடையில் பழைய போனை வாங்கும்போது கண்ணாடிக் கீறலைப் பார்ப்பதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்து பாதுகாப்புத் தேதியைப் பாருங்கள். "அப்டேட் அப்புறம் வரும் சார்" என்றால், அங்கேயே அவர்கள் வைஃபையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் பேட்டரி ஆரோக்கிய சதவீதமும், பாகங்கள் மாற்றிய விவரமும் செட்டிங்ஸிலேயே தெரியும். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால், அது திருட்டு என்று முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். இதற்கெல்லாம் பொறுமை காட்டாத கடையில் வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | இருப்பதையே ஓட்டுவது | கஸ்டம் ரோம் | புதிய போன் | பழைய உயர்ரகம் / ஐபோன் |
|---|---|---|---|---|
| கைச்செலவு | பேட்டரி மட்டும் | இல்லை | அதிகம் | நடுத்தரம் |
| மறைமுகச் செலவு | ஒரு நாள் வங்கி ஆப் நிற்கலாம் | தரவு அழியும், வாரன்டிக்குச் சிக்கல் | சார்ஜர், மறுபதிவு, வரம்பு | தேய்ந்த பேட்டரி, போலிப் பாகம் |
| பணப் பரிமாற்றம் | தேதி புதிதாக இருந்தால் சரி | வேண்டாம் | சரி | சரி, ஆதரவு மிச்சமிருந்தால் |
| யாருக்கு | திருத்தம் இன்னும் வருபவருக்கு | இரண்டாவது போனுக்கு | திருத்தம் நின்று, நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு | கேமராவும் வேகமும் முக்கியம், பட்ஜெட் குறைவு என்பவருக்கு |

## அப்டேட் வந்துவிட்டது, உடனே போடலாமா?

பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்றால் அன்றிரவே போடுங்கள். பதிப்பு மாறும் பெரிய அப்டேட் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். 2025 ஏப்ரலில் ஒன் யுஐ 7-ஐ விடத் தொடங்கிய சில நாளிலேயே, சிலருக்குப் போன் லாக் திறக்கவில்லை என்று சாம்சங் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்தது. பிக்சல் 4ஏ-வுக்கு 2025 ஜனவரியில் தானாக வந்த அப்டேட், பாதுகாப்புக்காகப் பேட்டரி கொள்ளளவையே குறைத்துவிட்டது. கூகுள் இலவசமாகப் பேட்டரி மாற்றித் தரவோ ஈட்டுத்தொகை தரவோ வேண்டியிருந்தது. பெரிய அப்டேட்டில் இருந்து பின்வாங்குவது பெரும்பாலும் முடியாது, முடிந்தாலும் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். போடுவதற்கு முன் பேக்கப் எடுங்கள், 10 ஜிபி அளவுக்கு இடம் காலி செய்யுங்கள். போட்ட பின் ஓரிரு நாள் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இயல்பு. ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி போன் உள்ளுக்குள் சீர்செய்துகொண்டிருக்கும்.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை: ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைப் புதிய போனுக்கு மாற்றுங்கள், அதற்கு இரண்டு போனும் கையில் இருக்க வேண்டும். யுபிஐ புதிய போனில் வேலை செய்கிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பழைய போனின் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், கடைசியாக ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், அடுத்தவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். கடைக்காரர் உங்களுக்கு போன் போட்டு அதைக் கேட்பார். அந்த நிலையில் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள், நேரில் போய் நீங்களே போட்டுக் கொடுங்கள்.